பஞ்சு மூட்டை

விடிந்தும் விடியாத நேரம். மாடியில் பன்னிரண்டு கண்ணாடி மேசைகளுக்கு அடியில் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. அறையில் வேறு விளக்கு கிடையாது. மின்விசிறிகள் இரண்டு தொங்கின. அவற்றை ஓட்டக் கூடாது, தாள் பறக்கும். அதனால் ஐந்து மணிக்கே பன்னிரண்டு பேருடைய முதுகும் நனைந்திருந்தது. கீழேயிருந்து வரும் வெளிச்சம் மோவாயையும் மூக்குத் துவாரத்தையும்தான் காட்டும். அந்த வெளிச்சத்தில் அழகாகத் தெரிகிற மனிதர் இன்னும் பிறக்கவில்லை.

கொண்டையில் எப்போதும் ஒரு பென்சிலைச் செருகியிருப்பதாலும், ஆளும் அதே வாகு என்பதாலும், அவளுக்குப் பென்சில் என்றே பெயர் நிலைத்துவிட்டது. அவள் இடது கை விரல்களின் நடுவே நான்கு தாள்கள் இருந்தன. ஒவ்வொன்றாக மடக்கி மடக்கி விட்டாள். தாளில் இருந்த பையன் கையைத் தூக்கினான், இறக்கினான். தோள் துள்ளியது. அழித்தாள். ரப்பர் துகளை ஊதினாள். மறுபடி வரைந்தாள்.

வேலை இதுதான். ஒரு ஆள் உட்கார்ந்திருப்பதை 'கீ' போடுகிறவர் ஒரு தாளில் வரைவார். எழுந்து நிற்பதை இன்னொரு தாளில் வரைவார். இரண்டுக்கும் நடுவில் அந்த ஆள் கொஞ்சம் கொஞ்சமாக எழுந்திருக்க வேண்டுமே, அந்தப் படங்களை எல்லாம் இந்தப் பன்னிரண்டு பேர் வரைய வேண்டும். எட்டு மணிக்குக் கீழே வண்டி வந்து நிற்கும். முடிந்த தாள்கள் உறையில் போகும். திரையில் ஓடும்போது குழந்தைகள் கை தட்டுவார்கள். நடுப்படம் வரைந்தவரை யாருக்குத் தெரியும்?

எதிர் மேசையில் இடக்கை உட்கார்ந்திருந்தாள். இடது கையால் வரைகிறவள். வேலைக்கு வந்து ஒன்றரை வருடம்தான் ஆகிறது, பென்சிலைவிட ஆறு மாதம் பின்னால் வந்தவள். ஆனால் அவள் வரைந்த பெட்டிக்குக் கனம் இருந்தது. அவள் வரைந்த கதவைத் தள்ள இரண்டு பேர் வேண்டும் போலிருந்தது. பென்சிலுக்கு வயிறு எரிந்தது. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல வேண்டியதில்லை. இடக்கை குனிந்தால் எரிந்தது, நிமிர்ந்தால் எரிந்தது, தண்ணீர் குடித்தாலும் எரிந்தது.

ஜன்னலோரம் கீ நாற்காலி ஒன்று மூன்று மாதமாகக் காலியாகக் கிடந்தது. அந்த அறையிலேயே காற்று வருகிற ஒரே இடம். உங்கள் இரண்டு பேரில் ஒருத்திக்கு என்று முதலாளி சொல்லியிருந்தார். ஒருவன் மூட்டையைத் தூக்கித் தோளில் வைக்கிற காட்சிதான் பரீட்சை. பென்சில் மூன்று முறை வரைந்து கொடுத்தாள். மூன்றாவது முறை அவர் தாள்களை விரலால் ஓட்டிப் பார்த்துவிட்டு, அறைக்கே கேட்கிற மாதிரி கேட்டார்.

"ஏம்மா, உன் மூட்டையில என்ன பஞ்சா இருக்கு?"

எல்லாரும் சிரித்தார்கள். இடக்கை மட்டும் சிரிக்கவில்லை. அதுதான் பென்சிலுக்குத் தாங்கவில்லை. சிரித்திருந்தால் திட்டவாவது ஒரு சாக்குக் கிடைத்திருக்கும்.

அன்றைக்கு வீட்டுக்குப் போனவள் அப்பாவைப் பிடித்துக்கொண்டாள். நிறைந்த கேஸ் சிலிண்டரைத் தூக்கச் சொல்லி, எதிரே சப்பணமிட்டு உட்கார்ந்து வரைந்தாள். சிலிண்டர் தரையை விட்டுக் கிளம்பியதும் பென்சிலை ஓட்டுவாள். தோளுக்கு வருவதற்குள் தாள் தீர்ந்துவிடும். இன்னும் ஒரு தடவை அப்பா, இன்னும் ஒரே ஒரு தடவை. பன்னிரண்டாவது தடவை அவர் சிலிண்டர் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"படம் வரையறது நீ. இடுப்பு ஒடியறது எனக்கா?"

அவ்வளவு செய்தும் மூட்டை மிதந்துகொண்டுதான் போயிற்று. தனக்கு இந்த வேலை வராதோ என்ற பயம் அப்போதுதான் அவளுக்குள் வந்து உட்கார்ந்தது. காசில்லாததைக் கடன் வாங்கிச் சரிசெய்யலாம். கை வராததை எங்கே போய் வாங்குவது?

இதற்கு நடுவில் முதலாளி கணக்கை மாற்றியிருந்தார். ஒரு நாளைக்குப் பதினெட்டுத் தாள் என்று இருந்தது இருபத்தைந்தாயிற்று. திருப்பி அனுப்பிய தாளை வேலை நேரம் முடிந்தபிறகு உட்கார்ந்து சரிசெய்ய வேண்டும், அதற்குக் கூலி கிடையாது. முடியவில்லை என்று போய் நின்ற பென்சிலிடம் அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"இடக்கை முப்பது போடறா. உனக்கு மட்டும் என்னம்மா?"

அந்த ஒரு வாக்கியம் போதுமாக இருந்தது. பென்சில் வாயை மூடிக்கொண்டு வந்து, செத்துச் சுண்ணாம்பாகி இருபத்திரண்டு போட்டாள். முடித்த தாள்கள் உறைக்குள் போய் நேரே முதலாளியின் அறைக்குப் போய்விடும். யார் எத்தனை போட்டார்கள் என்று அவருக்குத்தான் தெரியும். அவள் எதிர் மேசையிடம் கேட்கவுமில்லை. கேட்பதற்கு அவர்கள் பேசிக்கொண்டிருந்தால்தானே?

தாளில் துள்ளிய பையனின் தோள் ஒருவழியாக அடங்கியது. அப்போது எதிரே டக்கென்று சத்தம். இடக்கையின் பென்சில் கீழே விழுந்து உருண்டது. எடுத்தாள். மறுபடி விழுந்தது. பென்சிலுக்குச் சந்தோஷமாக இருந்தது. பிறகு வெட்கமாகவும் இருந்தது, ஆனால் முதலில் வந்தது சந்தோஷம்தான்.

அன்று வேலை முடிகிற நேரத்தில் முதலாளி படியில் நின்று அறிவித்தார். "நாற்காலி யாருக்குன்னு நாளைக்குச் சொல்லிடறேன்."

மறுநாள் காவல்காரர் கதவைத் திறந்தபோது பென்சில் வாசலில் நின்றிருந்தாள். மற்றவர்கள் வர இன்னும் அரைமணி நேரம் இருந்தது. நேராக எதிர் மேசைக்குப் போய் இழுப்பறையைத் திறந்தாள். திருடத்தான் வந்திருந்தாள். பணத்தையல்ல, அந்தக் கனத்தை. இடக்கை முதலில் கிறுக்கிப் பார்த்த தாள்கள் கிடைத்தால் போதும், எந்தப் படத்தில் கனம் வருகிறது என்று பிடித்துவிடலாம்.

மேலே வலிக்குத் தடவுகிற களிம்பு ஒன்று நசுங்கிக் கிடந்தது. அதன் கீழே ஒரு கட்டு. கசங்கிய தாள்களை நீவி, ஓரங்களில் ஒட்டுத்தாள் ஒட்டி அடுக்கியிருந்தது. விளக்கைப் போட்டு மேசையில் வைத்துப் பார்த்தாள். படியில் இறங்குகிற சிறுமி, கொட்டாவி விடுகிற நாய், கண்ணைத் துடைக்கிற கிழவன்.

அவளுடைய படங்கள். அவள் கசக்கிக் குப்பையில் எறிந்தவை. ஒவ்வொன்றின் மேலும் மெல்லிய தாள் வைத்து, இடது பக்கமாகச் சாய்ந்த கோடுகளால் யாரோ திரும்பத் திரும்ப வரைந்து பழகியிருந்தார்கள்.

"என்ன தேடற?"

இடக்கை கதவருகே நின்றிருந்தாள். கையும் களவுமாக மாட்டிக்கொண்டவளுக்குப் பொய் ஒன்றும் வாயில் வரவில்லை.

"மூட்டை. உன் மூட்டைக்கு எப்படிக் கனம் வருதுன்னு பாக்க வந்தேன்." பிறகு குரல் ஏறியது. "இது என் படம். குப்பையில போட்டது."

"ஆமா. பொறுக்கினேன்."

"எதுக்கு?"

"நீ எதுக்கு என் டிராயரைத் தொறந்த?" இடக்கை வந்து கட்டைப் பிடுங்கி மார்போடு வைத்துக்கொண்டாள். "உன் ஆளுங்க மூச்சு விடறாங்க. ஒரு மூட்டை தூக்கத் தெரியாது, ஆனா உயிரோட இருக்காங்க. நான் போடற ஆள் எல்லாத்தையும் தூக்குவான், பொம்மை மாதிரி. உன்னைப் பாத்தாலே எனக்குப் பத்திக்கிட்டு வரும். போதுமா?"

பென்சில் இழுப்பறையைத் தள்ளி மூடினாள். இத்தனை நாள் தான் மட்டும்தான் எரிகிறோம் என்று நினைத்திருந்தாள். எதிர் மேசையிலும் அதே தீதான். உண்மையைச் சொன்னால், அதைக் கேட்க அவளுக்கு இனிப்பாகவே இருந்தது. இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்கலாமா என்றுகூடத் தோன்றியது.

அப்போதுதான் கட்டின் மேல் தாளின் ஓரம் கண்ணில் பட்டது. வரிசையாகத் தேதி போட்டு எழுதியிருந்தது. பென்சில் முப்பது, நான் இருபத்தொன்று. பென்சில் முப்பது, நான் இருபது.

"யாரு முப்பது?"

"நீதான். சார் தினமும் சொல்வாரே."

"நானா? நாக்குத் தள்ளி இருபத்திரண்டு போடறேன். நீதான் முப்பதுன்னு என்கிட்ட சொன்னாரு."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஒன்றரை வருடத்தில் முதல் முறையாக நேருக்கு நேர் பார்த்தார்கள் என்றே சொல்ல வேண்டும். இடக்கை மெதுவாகச் சட்டைக் கையை மேலே தள்ளினாள். மணிக்கட்டு வீங்கிப் பளபளத்தது. கட்டைவிரல் மடங்க மறுத்தது.

"ரெண்டு மாசமா இருக்கு. நேத்து சுத்தமா மரத்துப்போச்சு. உன்னை முந்தணும்னு..."

பென்சில் அவளை உட்காரவைத்துக் களிம்பைத் தடவினாள். பிறகு தன் மூட்டைத் தாள்களை எடுத்து நீட்டினாள். இடக்கை நல்ல கையால் அவற்றை ஓட்டிப் பார்த்தாள்.

"யாரை வெச்சு வரைஞ்ச?"

"அப்பாவை. சிலிண்டர் தூக்கச் சொன்னேன்."

"நீ சிலிண்டரைப் பாத்திருக்க. அப்பாவைப் பாக்கல. அது கிளம்பினதுக்கப்புறம்தான் நீ வரைய ஆரம்பிக்கற. அதுக்கு முன்னாடியே அவர் கீழ போயிருப்பாரு. முட்டி மடங்கியிருக்கும், மூச்சைப் பிடிச்சிருப்பாரு. கனம் எல்லாம் அங்கதான் இருக்கு. கீழ போகாம யாரும் மேல வர முடியாது."

பென்சில் கொண்டையிலிருந்து பென்சிலை உருவினாள். வரைந்தாள். கீழ, இன்னும் கீழ என்று இடக்கை பக்கத்திலிருந்து சொல்லிக்கொண்டே வந்தாள். ஐந்து தாள் முடிந்ததும் விரலில் செருகி ஓட்டினாள். தாளில் இருந்தவன் குனிந்தான், திணறினான், மூட்டை தரையை விட மனமில்லாமல் வந்தது. பென்சிலுக்குக் கண் கலங்கியது. இதை இவள் ஆரம்பத்திலேயே பார்த்திருக்கிறாளே என்று கூடவே எரியவும் செய்தது.

மற்றவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். பின் மேசைத் தாடி அண்ணனிடம் பென்சில் கேட்டாள். "அண்ணா, உங்ககிட்ட சார் யாரைக் காட்டிப் பேசுவாரு?"

"அதோ அந்த ஓரத்து மேசையைத்தான். ஆள் முப்பது போடறானாம், மனுஷனா மெஷினா?"

ஓரத்து மேசைக்காரன் பையைக் கீழே போட்டான். "அண்ணா, நீங்கதான முப்பது? உங்க மேல கடுப்புல நான் டீ குடிக்கக்கூட எழுந்திருக்கறதில்ல!"

பன்னிரண்டு பேரும் சொல்லி முடித்தபோது ஒன்று தெளிவாயிற்று. முப்பது தாள் போடுகிற அந்த ஆள் அந்த அறையிலேயே இல்லை. முதலில் ஒருவன் சிரித்தான். பிறகு இடக்கையின் மணிக்கட்டைப் பார்த்தார்கள். சிரிப்பு நின்றது. பேச்சு ஆரம்பமாயிற்று. அரைமணி நேரத்தில் பேச்சு மூன்று வரியாகி, பன்னிரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். இடக்கை வலது கையால் கோணல்மாணலாகப் போட்டாள்.

முதலாளி ஏழரைக்கு வந்தார். விளக்குகள் எரிந்தன, பென்சில்கள் ஓடவில்லை. அவர் கண் இடக்கையின் கையில் போய் நின்றது.

"என்னாச்சு கைக்கு? சரி, ஒரு ஆறு மாசம் வீட்ல ரெஸ்ட் எடும்மா. அப்புறம் பாக்கலாம்." திரும்பினார். "பென்சில், ஜன்னலோரம் போய் உக்காரு. நாற்காலி உனக்குத்தான். வாழ்த்துகள்."

அவ்வளவு எளிதாகச் சொல்லிவிட்டார். பென்சில் ஜன்னலைப் பார்த்தாள். காற்றில் திரைச்சீலை ஆடிக்கொண்டிருந்தது. இரண்டு வருடமாக அந்த நாற்காலியில் அவள் உட்காராத நாளே இல்லை, மனதில். கால் எழுந்து ஓடத்தான் பார்த்தது. அறையே அவளைப் பார்த்தது. இடக்கை மட்டும் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு வேணும் சார்," என்றாள் பென்சில். "ரொம்ப வேணும். ஆனா இவ எதிர்ல உக்காந்திருக்கும்போதே இவளை முந்திட்டு உக்காரணும். இவளை வெளிய அனுப்பிட்டு அதுல உக்காந்தா, நான் யாரை ஜெயிச்சேன்?"

"என்ன வசனம் பேசற?"

"வசனம் இல்ல சார், மூணே வரி." தாளை நீட்டினாள். "பழையபடி பதினெட்டுத் தாள். திருத்தற வேலை வேலை நேரத்துல. இவ கைக்கு நீங்க வைத்தியம் பாக்கணும், கை சரியானதும் இதே மேசை."

"பதினெட்டா? இங்க முப்பது போடறவங்க இருக்காங்க!"

"யாரு சார்?" என்றார் தாடி அண்ணன் மெதுவாக. "பேரைச் சொல்லுங்க, கைய எடுத்துக் கும்பிடறோம்."

முதலாளியின் கண் ஒவ்வொரு மேசையாகப் போய்வந்தது. கீழே வண்டிக்காரன் ஹாரன் அடித்தான்.

"பன்னிரண்டு பேரையும் அனுப்பிட்டு நாளைக்கே புது ஆள் போடுவேன். வெளிய வரிசையில நிக்கறாங்க."

"போடுங்க சார்," என்றாள் இடக்கை. "வர்றவங்ககிட்ட நாங்க எத்தனை போட்டோம்னு சொல்லிட்டுப் போறோம்."

ஹாரன் மறுபடி அடித்தது. யாரும் சொல்லவில்லை, சைகையும் இல்லை. பன்னிரண்டு கைகள் மேசைக்கு அடியில் போயின. விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. அப்போதுதான் தெரிந்தது, வெளியே நன்றாக விடிந்திருந்தது. ஓரத்து மேசைக்காரன் எட்டி மின்விசிறியைப் போட்டான். தாள்கள் எழும்பிப் பறந்தன. பிடிக்க யாரும் ஓடவில்லை. முதலாளி மட்டும் ஒன்றைத் துரத்திக்கொண்டு போனார்.

நாளைக்கு வேலை இருக்குமா என்று யாருக்கும் தெரியாது. வாடகை, மருந்து, அப்பாவின் இடுப்பு எல்லாம் பென்சிலுக்கு ஒரு கணம் நினைவுக்கு வந்தன. மற்றவர்களோடு வெளியேற எண்ணி, எழுந்திருக்க நாற்காலியின் கையைப் பிடித்தாள். பிடித்தவள் எழாமல் அப்படியே இருந்தாள். அறை முழுவதும் பார்த்தாள். எழுந்து நிற்பதற்கு முன் தாடி அண்ணன் முன்னால் குனிந்தார். ஓரத்து மேசைக்காரன் குனிந்தான். எல்லோருடைய முட்டியும் மடங்கி, எல்லோருடைய தலையும் ஒரு கை அளவு கீழே போனது. அதற்கப்புறம்தான் மேலே வந்தது.

இதையும் அவள் எனக்கு முன்னாலேயே பார்த்திருப்பாள் என்று எரிச்சலோடு எதிர் மேசைப் பக்கம் திரும்பினாள். வலிக்கிற கையை ஊன்ற முடியாமல் இடக்கை இன்னும் பாதி எழுந்தபடி தவித்துக்கொண்டிருந்தாள். பென்சில் போய்த் தோளைக் கொடுத்தாள். இடக்கை சாய்ந்தாள். நல்ல கனமாகத்தான் இருந்தாள்.