முதல் சோடிக்கு வைத்த பொட்டு

1.

இந்தக் கதை எனக்கு எங்கள் வீட்டுக் குசினியில், அடுப்புப் பக்கத்தில், கிடைத்தது. 'கிடைத்தது' என்பது நான் தப்பிக்கப் போட்ட சொல். கேதீஸ்வரன் தேநீரை ஆறவிட்டுக்கொண்டு தன் பயத்தைச் சொன்னான். நான் மனதுக்குள் பேனாவை எடுத்துவிட்டேன். எழுதுகிறவன் வீட்டில் வாடகைக்கு இருக்கக்கூடாது என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை.

சிட்னியில், பென்டில் ஹில்லில் எங்கள் பின்னறையில் இருக்கிறான். இலங்கையிலிருந்து படகில் வந்தவன், தற்காலிக விசாக்காரன். வேலை செவன் ஹில்ஸில், பனிச்சறுக்குக் கட்டைகளை வாடகைக்கு விடும் ஒரு கம்பனியின் பட்டறையில். இது 2012, குளிர்காலம்.

2.

முதல் தொடக்கம்: "பனியைக் கண்ணால் கண்டிராத கேதீஸ்வரன், பனிக்காகவே"

(வேண்டாம். இரக்கத்தைப் பிச்சை கேட்கிற வாக்கியம். தவிர, நானும் பனியைக் கண்டதில்லை. குளிர் என்றாலே எனக்கு மூக்கு ஒழுகித் தடிமன் பிடிக்கும்.)

இரண்டாவது தொடக்கம்: "உருகிய மெழுகு மணக்கும் அந்தப் பட்டறையில்"

இதுவும் சரிவராது. பட்டறையில் இப்போது மெழுகு மணப்பதில்லை. கதையே அதுதான்.

3.

விளக்கம் சொல்லாமல் நகர முடியாது, பொறுத்துக்கொள்ளுங்கள். சறுக்குக் கட்டையின் அடியில் மெழுகு தேய்க்க வேண்டும். தேய்த்தால்தான் வழுக்கும். நாலு தரம் சறுக்கினால் மெழுகு போய்விடும், திரும்பத் தேய்க்க வேண்டும். இந்த வேலைக்குப் பட்டறையில் ஆறேழு பேர் இருந்தார்கள். இந்த வருடம் முதலாளி கிரெக் ஒரு திரவத்தைக் கொண்டுவந்தான். ஒருதரம் பூசினால் அடிக்குள் ஊறி இறுகிவிடும். அதற்குப் பிறகு மெழுகே தேவையில்லை. ஆறேழு பேரும் தேவையில்லை. கவனமாக வேலை செய்கிறவன் என்று கேதீஸ்வரனை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை அனுப்பிவிட்டான்.

(நிரந்தரப் பூச்சு, தற்காலிக விசா. இரண்டையும் முடிச்சுப்போட்டு அழகாக ஒரு பந்தி எழுதினேன். பின்னறையில் அவன் இருமியது கேட்டது. பந்தியை அழித்துவிட்டேன்.)

4.

இனி நடந்தது.

புதுப் பூச்சு வேலை தொடங்கும் காலை, என் மனைவி நாகேஸ்வரி கோயில் குங்குமத்தைக் கடதாசியில் மடித்து அவனிடம் கொடுத்தாள். புது வாகனத்துக்கு வைக்கிறோம், புதுத் தையல் மெசினுக்கும் வைக்கிறோம். முதல் கட்டைக்கு ஏன் கூடாது? பழுதானாலும் நட்டம் குறைவு என்று அவன் முதலில் எடுத்தது ஒரு சின்னச் சோடி. பிள்ளைகள் போடுவது.

"அடியை வடிவாத் துடைச்சனான் அண்ணை. துடைக்கிற மருந்து போட்டு, ஒரு தூசியில்லாமல். அதுக்குப் பிறகுதான் பொட்டு வைச்சனான்."

"துடைக்க முதல் வைச்சிருக்கலாமே?"

"குளிச்சுப்போட்டுத்தானே அண்ணை பொட்டு வைக்கிறது?"

என் வாழ்நாளில் நானும் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

"குங்குமம் ஒட்டேல்லை. தலையில கொஞ்சம் தேங்காயெண்ணெய் இருந்தது. தொட்டு வைச்சன். அதுக்கு மேல பூச்சு."

அடுத்த நாள் கிரெக் கையுறைப் பெட்டியோடு வந்து சொல்லியிருக்கிறான்: விரல் பட்டாலே போதும், அந்த எண்ணெயில் திரவம் ஊறாது. ஊறாத இடம் வழுக்காமல் பனியில் பிடிக்கும்.

5.

ஒரு பொட்டளவு இடம் ஓடுகிற பிள்ளையை விழுத்துமா? எனக்குத் தெரியாது. அவனுக்கும் தெரியாது. தெரியாததுதான் அவனைத் தின்கிறது. ஒவ்வொரு சோடிக்கும் இலக்கம் உண்டு, ஒளிக்க முடியாது. பூச்சைச் சுரண்டும் மெசினைக் கிரெக் மட்டும்தான் தொடுவான். வெள்ளிக்கிழமை காலை, ஒரு பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்காக, அந்தச் சோடியையும் ஏற்றிக்கொண்டு லொறி மலைக்குப் போகிறது.

"சொன்னால் வேலை போயிடும் அண்ணை. வேலை போனால் விசாக் கேசில என்னத்தைக் காட்டுறது?" என்றான். தேநீர்க் கோப்பையைத் தள்ளிவைத்துவிட்டு, "சொல்லாட்டி, அது ஒரு பிள்ளையெல்லோ" என்றான்.

அவனை மறைத்து எழுதப் பார்த்தேன். பெயரை மாற்றினேன். (கேதீஸ்வரன் அவன் பெயரல்ல. செவன் ஹில்ஸும் வேறு ஊராக இருக்கலாம்.) கட்டையைக் கடலில் அலைமேல் நிற்கும் பலகையாக்கினேன். அங்கே மெழுகு பூசுவது வழுக்காமலிருக்க என்று பிறகு தெரிந்தது, கதை தலைகீழாகிவிட்டது. எப்படி மறைத்தாலும் மேற்கு சிட்னியில் சறுக்குக் கட்டைக்குப் பூச்சுப் பூசும் தமிழன் எத்தனை பேர்? இதை அச்சிட்டால் நானே அவனைக் காட்டிக்கொடுத்தவனாவேன். எனக்குப் பயமாக இருக்கிறது. எழுதாமல் இருக்கவும் பயமாக இருக்கிறது.

6.

முடிவுகள்.

அ) சொல்கிறான். கிரெக் சிரித்துவிட்டுச் சுரண்டிக் கொடுக்கிறான். (கிரெக்கை நான் கண்டதில்லை. சிரிக்கிறவன் ஆறேழு பேரை ஒரே நாளில் அனுப்புவானா?)

ஆ) சொல்கிறான். பின்னறை காலியாகிறது. அவன் இப்போது

இ) சொல்லவில்லை. மலையில் ஒரு சின்னப் பெண், சிவப்புத் தொப்பி

(இதற்கு மேல் எழுதக் கை வரவில்லை.)

நாகேஸ்வரி எட்டிப் பார்த்தாள். "இஞ்சருங்கோ, அந்தப் பிள்ளை பயத்தில சாப்பிடாமல் கிடக்குது. நீங்கள் இருந்து மூண்டு முடிவு எழுதிறியள். குங்குமம் குடுத்தது நான், நான் போய் அந்த வெள்ளைக்காரனோட கதைக்கட்டோ?"

"கதைச்சு?"

அவள் கதிரையில் இருந்துவிட்டாள்.

7.

வெள்ளிக்கிழமை காலை கேதீஸ்வரன் சப்பாத்தோடு குசினிக்குள் வந்தான். வீட்டுக்குள் அவன் சப்பாத்தோடு வந்ததே இல்லை.

"அண்ணை, முடிவு எழுதீட்டீங்களோ?"

"இல்லைத் தம்பி."

"எழுதியிருந்தால் அதையே செய்திருப்பன்."

இத்தனை நாளும் வாசகர்களுக்காக எழுதுவதாக நினைத்துக்கொண்டிருந்தேன். நாகேஸ்வரி வழக்கம்போலக் குங்குமத்தோடு வந்தாள். அவன் நெற்றியைக் காட்டினான். வைத்த பிறகு, விரல் எதிலும் பட்டுவிடாமல் இரண்டு கைகளையும் உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டான்.

"போட்டு வாறன்" என்றான். சொல்லத்தான் போகிறானா என்று நான் கேட்கவில்லை.

இந்தப் பக்கம் உங்கள் கையில் கிடைக்கும்போது பனிப் பருவம் முடிந்திருக்காது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மலைக்குப் போகிறவர்கள் உங்களில் இருப்பீர்கள். பிள்ளையின் காலில் மாட்ட முன் கட்டையைத் திருப்பி அடியைப் பாருங்கள். கறுப்பு அடியில் சிவப்பு மங்கலாகத்தான் தெரியும், தேடினால்தான் தெரியும். ஒன்றும் இல்லையென்றால் எனக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள், அவன் சொல்லிவிட்டான் என்று எடுத்துக்கொள்கிறேன். பொட்டு இருந்தால் கட்டையைக் கழற்றிவிடுங்கள். கடைக்காரர் ஏனென்று கேட்டால், அளவு பொருந்தவில்லை என்று மட்டும் சொல்லுங்கள்.