மொன்டானாவில் ஒன்பது உறைகள்

மாலை நாலேகாலுக்கு ஸ்ரீநிதியின் கைபேசி அடித்தபோது, அவள் ஜெர்மனியில், கார்ஹிங் ஆய்வுக்கூடத்தில் ஒரு லேசர் கருவியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். அமெரிக்க எண். விஷயத்தைக் கேட்டதும் கருவியை அணைத்தாள். பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

அழைத்தது மொன்டானாவில் ஒரு சின்ன மாவட்டத்தின் தேர்தல் அலுவலகம். ஸ்ரீநிதி பிறந்து படித்தது அங்கேதான். அங்கே பேராசிரியராக இருந்த அப்பா ஓய்வுபெற்றுக் கோயம்புத்தூர் திரும்பிவிட்டார். அவள் ஆராய்ச்சிக்காக ஜெர்மனி வந்து மூன்று வருஷம். அமெரிக்கக் குடியுரிமை இருந்ததால் தபாலில் வாக்களித்திருந்தாள்.

2024இல் நடந்த அந்த ஜனாதிபதித் தேர்தல் யாரும் பார்த்திராத தேர்தல். இரண்டு பெரிய கட்சிகளும் எட்டு வருஷம் முன்பே உடைந்து சிதறியிருந்தன. களத்தில் ஐந்து சுயேச்சைகள். சுயேச்சை என்றால் டெபாசிட் இழப்பவர் என்று அப்பா சொல்லிக் கேட்டு வளர்ந்தவள் ஸ்ரீநிதி. இப்போதோ காட்டுத்தீ அணைப்புப் படைக்குத் தலைவியாக இருந்த எலன் மார்க்வுட் மாநிலவாரியாகக் கிடைக்கும் தேர்வாளர் வாக்குகளில் 266 பெற்று நின்றார். 270 வந்தால் ஜனாதிபதி. வராவிட்டால் முடிவு நாடாளுமன்றத்தின் கைக்குப் போய்விடும். முடிவு தெரியாமல் மிச்சமிருந்தது மொன்டானாவின் நாலே நாலு. அங்கே மாட்டுப்பண்ணை முதலாளி கிளைட் ஹோம்பெர்க் மூன்றே மூன்று வாக்குகளால் முந்தியிருந்தார். மாநிலம் முழுவதிலும் இனி எண்ண மிச்சம், கையெழுத்து ஒத்துவராத ஒன்பது உறைகள்; எல்லாம் அந்தச் சின்ன மாவட்டத்தில். அதில் ஒன்று ஸ்ரீநிதியுடையது.

பதினெட்டு வயதில் வாக்காளராகப் பதிந்தபோது ஆங்கிலத்தில் கையெழுத்துப் போட்டிருந்தாள். ஜெர்மனி வந்து வாடகை ஒப்பந்தம் எழுதிய அன்று, வீட்டுக்கார அக்கா கமலநாயகி அழகாகத் தமிழில் கையெழுத்திட்டதைப் பார்த்து, அன்றிலிருந்து தானும் தமிழுக்கு மாறியிருந்தாள். வாக்கு உறையிலும் தமிழ்தான். இரண்டும் தன்னுடையவை என்று ஒரு படிவத்தில் எழுதி, பழையபடியும் புதியபடியும் கையெழுத்திட்டு, பாஸ்போர்ட் நகலோடு ஜெர்மன் நேரம் ஆறு மணிக்குள் அனுப்ப வேண்டும்.

பாஸ்போர்ட் வீட்டில் இருந்தது. வீடு பக்கத்து ஹோஹ்புரூக்கில். அச்செடுக்கவும் ஸ்கேன் செய்யவும் ஆய்வுக்கூடத்தில்தான் முடியும்; பஸ்ஸில் போய்த் திரும்ப நேரம் போதாது. அக்காவை அழைத்தாள். முதியோர் இல்லத்தில் வேலை செய்யும் கமலநாயகிக்கு அன்று விடுமுறை.

“அக்கா, ஸ்பேர் கீ வச்சு என் ரூமைத் திறங்க. டேபிள் டிராயர்ல பாஸ்போர்ட் இருக்கும்.”

டிராயரில் இல்லை. அலமாரியிலும் இல்லை. ஸ்ரீநிதிக்கு அழுகை வரும்போல் இருந்தது. போன மாதம் பிராக் நகரத்துக்குப் போன ஞாபகம் சட்டென்று வந்தது. நீலக் கோட்டின் உள்பையைப் பார்க்கச் சொன்னாள்.

“ஓம், இருக்கு. நீர் அங்கையே நில்லும், நான் கொண்டு வாறன்.”

மழையில் சைக்கிள் மிதித்து ஐந்தேகாலுக்கு வந்து சேர்ந்தார் அக்கா. தொப்பலாக நனைந்திருந்தார்; கோட்டுக்குள் பொத்தி வைத்திருந்த பாஸ்போர்ட்டில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. அதற்குள் ஸ்ரீநிதி படிவத்தை அச்செடுத்து, பழைய கையெழுத்தை நினைவுகூர முயன்று நாலு தாள்களைக் கிறுக்கியிருந்தாள். ஒன்றுமே சரியாக வரவில்லை. அக்கா பாஸ்போர்ட்டைத் திறந்து அவள் முன்னால் வைத்தார். அதில் இருந்தது பழைய கையெழுத்தேதான்.

ஐந்து நாற்பத்தொன்றுக்கு அனுப்பினாள். பதில் வரும்வரை இருவரும் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஐந்து ஐம்பத்திரண்டுக்கு ஒரே வரி வந்தது: ஏற்கப்பட்டது.

மறுபடி மழையில் நனைந்து வீடு திரும்பி, ஏழு மணிக்குச் சமையலறை மேசையில் மடிக்கணினியை வைத்து நேரலையைப் பார்த்தார்கள். ஒன்பதில் எட்டு உறைகள் சரியாகியிருந்தன. யார் வாக்கு என்று தெரியாதபடி சீட்டுகளைக் கலந்துவிட்டு, கண்ணாடி போட்ட ஒருவர் ஒவ்வொன்றாக வாசித்தார்.

மார்க்வுட். மார்க்வுட். மூன்று ஒன்றாகக் குறைந்தது. அடுத்தது ஹோம்பெர்க். ஸ்ரீநிதி முகத்தைப் பொத்திக்கொண்டாள். மறுபடி மார்க்வுட். பிறகு வேறொரு சுயேச்சைக்கு ஒன்று. ஆறாவது சீட்டும் மார்க்வுட், இருவரும் சமம். ஏழாவதும் அவருக்கே. அக்கா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தே விட்டார். எட்டாவதும் மார்க்வுட்.

இரண்டு வாக்கு. 270.

ஸ்ரீநிதி அக்காவைக் கட்டிப்பிடித்துக் குதித்தாள். குதித்து முடித்து மூச்சு வாங்கும்போதுதான் கணக்குப் போட்டுப் பார்த்தாள். அவள் போட்டதும் மார்க்வுட்டுக்குத்தான். அது போய்ச் சேராமல் இருந்திருந்தாலும் ஒரு வாக்கில் அவர் ஜெயித்திருப்பார். இவ்வளவு ஓட்டமும் வீணோ என்று வாய்விட்டே கேட்டாள்.

கமலநாயகி துவாயால் தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னார்: “ஒண்டிலை வெண்டால் உடனை வழக்குப் போடுவினம். ரெண்டு எண்டால் கொஞ்சம் யோசிப்பினம்.”

ஹோம்பெர்க் தரப்பு வழக்குப் போடவில்லை. மறு எண்ணிக்கை மட்டும் கேட்டது. நாலு நாள் எண்ணினார்கள். அதே இரண்டு. ஐந்தாம் நாள் அவர் மார்க்வுட்டை அழைத்து வாழ்த்துச் சொன்னார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மியூனிக்கில் ஒரு பிறந்தநாள் விருந்துக்கு அக்கா ஸ்ரீநிதியையும் கூட்டிப்போனார். வாசலில் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே, கூடத்தில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி அவளை அறிமுகப்படுத்தினார்.

“அந்த ரெண்டிலை ஒண்டு இவ போட்டது.”