பக்கத்துச் சுவிட்சு

அணுமின் நிலையத்தில், மனிதர்கள் எங்கே தவறக்கூடும் என்று கணக்கிடுவதுதான் அவள் வேலை. ஒரு பம்பு ஆயிரம் தடவைக்கு எத்தனை தடவை மக்கர் செய்யும் என்று பொறியாளர்கள் எண் வைத்திருந்தார்கள். அதை ஓடவிடுகிறவர் எத்தனை தடவை பிசகுவார் என்பதற்கு அவள் எண் எழுதுவாள். கட்டுப்பாட்டு அறைக்காரர்கள் அவளுக்கு வைத்த பட்டப்பெயர் 'அபசகுனம்'.

அன்று காலை பயிற்சி அறையில் அவளுடைய அத்தானின் குழு உட்கார்ந்திருந்தது. கட்டுப்பாட்டு அறையை அச்சு அசலாகப் பெயர்த்து வைத்தாற்போன்ற அறை அது. அக்கா கணவர் என்பதால், நேரம் குறிக்கும் பொறுப்பைச் சக ஊழியரிடம் கொடுத்துவிட்டு அவள் கண்ணாடிக்குப் பின்னால் நின்றாள். அத்தானுக்கு இருபத்திரண்டு வருட அனுபவம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் எந்த வால்வு எங்கே என்று சொல்வார்.

உலை நின்றுவிட்டது, குளிர்விக்கும் தண்ணீர் குறைகிறது என்பது ஒத்திகை. இருபது நிமிடத்துக்குள் இன்னொரு பம்பையும் ஓடவிட வேண்டும். நான்காவது நிமிடம் அத்தான் கை நீட்டினார். ஓடிக்கொண்டிருந்த பம்பும் நின்றது. பக்கத்துச் சுவிட்சைத் திருப்பியிருந்தார். அது புரிந்து இரண்டையும் ஓடவிடுவதற்குள் அவகாசம் கடந்துவிட்டது.

"கவனக்குறைவுன்னு எழுதுங்க. மறுபயிற்சி குடுத்துடலாம்" என்றார் பயிற்சி மேலாளர்.

"ஒருத்தரை வெச்சு முடிவு பண்ண முடியாது சார். மத்த அஞ்சு குழுவையும் பாத்துடறேன்."

"வீட்டு மனுஷருக்காக இழுத்தடிக்கிறீங்களா?"

அவளுக்குச் சுருக்கென்றது. "அவங்க யாரும் தப்பு பண்ணலன்னா, நீங்க சொன்னதை அப்படியே எழுதறேன்."

சாயங்காலம் அக்கா போன் செய்தாள். "வந்ததுலேருந்து மனுஷன் வாயே திறக்கல. நீ கொஞ்சம் வாயேன்." அவள் போனபோது அத்தான் ஏற்கெனவே மடித்த துணிகளைப் பிரித்து மறுபடி மடித்துக்கொண்டிருந்தார்.

"கை போனப்போ என்ன பாத்தீங்க அத்தான்?"

"எதையும் பாக்கல. கை தானா போச்சு. முன்னாடி அது மூணாவது சுவிட்சு. அஞ்சு மாசம் முன்ன சுவிட்சுப் பலகையை மாத்தினப்போ நாலாவதாச்சு. எனக்குத் தெரியும். கைக்குத் தெரியல." பிறகு, "இதை எழுதாதேம்மா, மானம் போயிடும்" என்றார்.

"நீங்க சொன்னாத்தானே எனக்கே தெரியுது?"

அவர் ஒரு சட்டையை முழுக்க மடித்து முடித்தார். "சரி, எழுது."

"மத்த குழுக்கிட்ட மட்டும் மூச்சு விடாதீங்க. அவங்க கை தானா எங்க போகுதுன்னு பாக்கணும்."

இரண்டு வாரம் அவர் மூச்சு விடவில்லை. ஒத்திகையில் கோட்டைவிட்டதைச் சாப்பாட்டுக் கூடத்தில் கேலி பேசினார்கள். தலையைக் குனிந்து சாப்பிட்டுவிட்டுப் போனார்.

மற்ற ஐந்து குழுவில் மூன்று அதே சுவிட்சைத் திருப்பின. இன்னொரு குழுவில் ஒருவர் அதைத் தொட்டுவிட்டுச் சுட்டதுபோல் கையை இழுத்துக்கொண்டார்.

அவள் பழைய கோப்பை எடுத்தாள். பலகையை மாற்றியபோது அவளிடமும் கேட்டிருந்தார்கள். வரைபடத்தை மட்டும் பார்த்து, 'பாதிப்பில்லை, ஆயிரத்தில் ஒன்று' என்று அவளே கையெழுத்துப் போட்டிருந்தாள். பிறகு அறிக்கையின் முதல் வரியாக அந்தத் தவற்றை எழுதினாள். அடுத்து ஆறு குழுக்களின் கதை. முடிவில், பலகையைப் பழையபடி மாற்ற வேண்டும், மறுபயிற்சி மட்டும் போதாது என்ற பரிந்துரை.

மேலாளர் முதல் வரியை இரண்டு தடவை படித்தார். "இதை நீங்க எழுதியிருக்க வேண்டாம்" என்று சொல்லிக்கொண்டே கையெழுத்திட்டார்.

சேதி சொல்ல அக்கா வீட்டுக்குப் போனாள். அத்தானுக்கு நிம்மதிதான், ஆனாலும் முகம் லேசாக வாடியது.

"அப்போ நானும் பத்தோட பதினொண்ணுதானா?"

"இதைத்தான் கல்யாணம் ஆன நாள்லேருந்து நான் சொல்றேன்" என்றாள் அக்கா உள்ளேயிருந்து.

முதலில் சிரித்தது அத்தான்தான்.