அண்ணன் குரலுக்கு ஒரு தனிச்சூழல்

ரயில் நிலையத்தில் அறிவிப்புச் செய்வதுதான் அண்ணனுக்கு வேலை. வண்டி தாமதம் என்பதை அவர் சொன்னால் கோபமே வராது என்பார்கள். அந்தத் தொண்டையில்தான் புற்று வந்தது. குரல்வளையை எடுத்தே ஆகவேண்டும் என்றுவிட்டார் மருத்துவர்.

தங்கை நிரல் எழுதுகிறவள். குரலைப் பதிவுசெய்து கொடுத்தால், அவர் தட்டச்சு செய்வதைக் கணினி அதே குரலில் பேசும்படி செய்துவிடலாம் என்று தன் ஆபீஸ் மடிக்கணினியோடு வந்து இறங்கினாள். அறுவைக்கு முந்தின நாள்தான் அவளுக்கு லீவு கிடைத்தது.

வேண்டிய மென்பொருள் தொகுப்புகளை அவசரத்தில், ஆபீஸ் வேலை இருந்த அதே இடத்திலேயே நேராக நிறுவினாள். குரலுக்கான நிரல், அவற்றில் ஒரு தொகுப்பின் பழைய பதிப்பைக் கேட்டது. அது ஏறியதும் ஆபீஸ் நிரல் படுத்துவிட்டது. அதைத் தூக்கி நிறுத்தினால் இது முரண்டு பிடித்தது.

"என்னம்மா முணுமுணுக்கிற?" அண்ணன் கரகரத்தார்.

"ரெண்டும் ஒரே இடத்துல ஒத்துப்போக மாட்டேங்குதுண்ணா."

"அப்போ தனிக்குடித்தனம் வச்சுக் குடுத்துடு."

அதைத்தான் செய்தாள். புது ஃபோல்டர் திறந்து, இந்த வேலைக்கென்றே பைத்தான் நிரல்மொழியில் ஒரு தனி மெய்நிகர் சூழல் உருவாக்கி, 'குரல்' என்று பெயர் வைத்தாள். இயக்கியதும் திரையில் கட்டளை வரியின் தொடக்கத்தில் அந்தப் பெயர் வந்து நின்றது. இனி இங்கே ஏற்றுவது எதுவும் ஆபீஸ் வேலையைத் தொடாது. ஒவ்வொன்றாக ஏற்றி, சோதித்து, திருப்தியாக மைக்கை நீட்டியபோது பொழுது சாய்ந்திருந்தது.

அண்ணன் படிக்க ஆரம்பித்தார். நாலைந்து வாக்கியம் போனதும் தொண்டை கட்டிக்கொண்டது. வெந்நீர் குடித்துப் பார்த்தார். வெறும் காற்றுதான் வந்தது.

பதிவை முதலில் எடுத்திருக்கலாம், சூழலை எப்போது வேண்டுமானாலும் அமைத்திருக்கலாம் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. "அண்ணா, காலையிலயே..." என்றவளின் தலையைத் தடவிக் கொடுத்தார், பரவாயில்லை என்பதுபோல.

அறுவை முடிந்து வீடு திரும்பியவர், தன் மகளைப் பார்த்து, "சாப்டியா கண்ணு?" என்று தட்டினார். கிடைத்த நாலைந்து வாக்கியத்திலிருந்து தங்கை உருவாக்கியிருந்ததை வைத்துக் கணினி சொன்னது. பிசிறில்லாத, தட்டையான குரல்.

மகள் திரையையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தாள். "அத்தை, இது அப்பா மாதிரி பேசுற வேற யாரோ."

கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் மட்டும் அந்தக் குரலை எடுத்துக்கொண்டு போனார் அண்ணன். மகளோடு பேச, அவள் உள்ளங்கையில் விரலால் எழுதினார். அவள் கூச்சத்தில் சிரிப்பாள். பார்த்துக்கொண்டிருக்கும் தங்கை சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொள்வாள்.