எல்லப்பன் குரல் விற்ற வெங்காயம்

எல்லப்பனுக்கு யாரையும் நம்பிப் பழக்கமில்லை. டாக்டர் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தால், அதை வேறு மருந்துக் கடையில் காட்டி விசாரித்த பிறகுதான் விழுங்குவார். அப்பேர்ப்பட்ட மனிதர் நரசிம்மனிடம் ஏமாந்தார். அதுவும் வாயைத் திறந்தே ஏமாந்தார்.

நரசிம்மன் செங்கல்பட்டுக்காரன். திருப்போரூர் ரோட்டில் குடோன் போட்டு, ஆறு லோடு ஆட்டோவில் வெங்காயமும் காயும் பழமும் ஏற்றிக் கடற்கரைப் பக்கமெல்லாம் அனுப்புகிறவன். ஆறு வண்டியிலும் ஸ்பீக்கர் உண்டு. ஸ்பீக்கருக்குக் கீழே தீப்பெட்டி அளவில் ஒரு பாட்டுப் பெட்டி. இரண்டு பாட்டுக்கு நடுவே, "வாங்கம்மா வாங்க" என்று எல்லப்பன் குரல் கூவும். திருவிடந்தையில் அவர் தொண்டைக்கு ஒரு பேர் இருந்தது. வயலில் நின்று கூப்பிட்டால் ஈசிஆர் ரோட்டில் போகிறவன் திரும்பிப் பார்ப்பான்.

முதலில் தினமும் காலையில் போய் அன்றைய விலையைச் சொல்லிப் பதிந்துவிட்டு வருவார். ஒருநாள் நரசிம்மன் அவரை உட்காரவைத்து, ஒவ்வொரு காயின் பேராகச் சொல்லச் சொன்னான். அப்புறம் ஒவ்வொரு நம்பராகச் சொல்லச் சொன்னான். எல்லப்பனுக்குச் சளித் தொண்டை. எதையும் மூன்று தடவை சொல்வார். முதல் இரண்டில் கரகரப்பு போய், மூன்றாவதுதான் மணி மாதிரி விழும். கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்ளும் ஜெனிட்டாவிடம் நரசிம்மன், மூன்றாவதை மட்டும் எடுத்து வை, மற்றதைக் கேட்டுக்கொண்டு நேரத்தை வீணாக்காதே என்று சொல்லிவைத்தான்.

எல்லா நம்பரும் எல்லாக் காயும் கம்ப்யூட்டருக்குள் போன மறுநாள், இனிமேல் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டான். ஜெனிட்டா 'தக்காளி'யையும் 'கிலோ'வையும் 'முப்பது ரூபா'வையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும், அன்றைய விலை தயார்.

ஒரு கம்ப்யூட்டர், ஆறு பெட்டி. படூர் வண்டிக்குப் பழைய மெலடி, நெம்மேலி வண்டிக்கு டப்பாங்குத்து, திருவிடந்தை வண்டிக்குக் காலையில் சாமிப் பாட்டு. எந்தப் பெட்டிக்கு எது என்று ஜெனிட்டா ஒரு டிக் போட்டுவைப்பாள். சாயங்காலம் எல்லாப் பெட்டியையும் சார்ஜுக்காகக் கம்ப்யூட்டரில் சொருகினால், அதில் புதிதாக இருப்பது தானாக இறங்கிக்கொள்ளும். கம்ப்யூட்டரில் இல்லாமல் போனது பெட்டியிலிருந்தும் தானாக அழிந்துவிடும். எல்லப்பன் வேலையிலிருந்து போனார். அவர் குரல் போகவில்லை.

வேலை போனதைக்கூட அவர் பொறுத்துக்கொண்டார். நெம்மேலி பஸ் ஸ்டாப்பில் நடந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. கேளம்பாக்கம் பஸ் போய்விட்டதா என்று யாரையோ கேட்டார். அந்தக் குரலைக் கேட்டதும், பக்கத்தில் மீன் விற்றுக்கொண்டிருந்த ஹெலன் கத்தியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தாள்.

"வெங்காய வண்டிக்காரன் நீதானா? எட கொறையுதுய்யா. என் படிக்கல்ல போட்டு நிறுத்துட்டேன். வயசான ஆளு, துன்ற சோறு ஒடம்புல ஒட்டுமா உனுக்கு?"

தான் அந்த வேலையை விட்டு மாசக் கணக்காகிறது என்று எல்லப்பன் சொன்னார்.

"மாசக் கணக்கா வூட்ல குந்திகினு கீறவன் கொரலு, இன்னிக்கி காத்தால இன்னிக்கி வெலைய எப்புடி சொல்லுது?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். வீட்டுக்கு வந்ததும், மனைவி வேண்டாவை அனுப்பித் தெருவுக்கு வந்த வண்டியில் ஒரு கிலோ வெங்காயம் வாங்கிவரச் சொன்னார். அதை மளிகைக் கடையில் கொண்டுபோய் நிறுத்தார். நூறு கிராம் குறைந்தது. ஹெலனையும் அவர் நம்பவில்லை, பாருங்கள். ஆனால் ஹெலன் சொன்னது நிஜம்.

நேரே குடோனுக்குப் போய், என் குரலை எடுத்துவிடு என்று கேட்டார். நரசிம்மன் சிரித்துக்கொண்டே கம்ப்யூட்டரில் ஒரு தட்டு தட்டினான். "வாங்கம்மா வாங்க" என்று எல்லப்பனே எல்லப்பனைக் கூப்பிட்டார். நரசிம்மன் இன்னொரு தடவை தட்டினான்.

"கொரலு இன்னா உன் பட்டா நெலமா, பெர்சு? நீ கத்துன, நான் புடிச்சு வெச்சேன். நீ செத்து சாம்பலானாலும் உன் கொரலு என் வெங்காயத்த வித்துகினுதான் இருக்கும்."

எல்லப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். அன்றிலிருந்து வேண்டா பரிமாறிய சோறு அவருக்கு இறங்கவில்லை. காலையில் தெருமுனையில் தன் குரல் கேட்கும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவன் குடோனை எரிக்கலாம் என்று ஒருநாள் தோன்றும். வண்டிச் சக்கரத்தில் ஆணி அடிக்கலாம் என்று ஒருநாள் தோன்றும். ஆணி அடித்தால் ஒரு வண்டிதான் நிற்கும். அவருக்கு ஆறும் நிற்கவேண்டும்.

வழி நரசிம்மன் வாயிலிருந்தே வந்தது. படூர் அபார்ட்மெண்ட்காரர்கள் பட்டர் ஃப்ரூட் கேட்கிறார்களாம். ஆறு வண்டியிலும் ஏற்றப்போகிறான். அந்தப் பேர் மட்டும் கம்ப்யூட்டரில் இல்லை. வேறு ஆளை வைத்துச் சொல்லிப் பார்த்தால், ஒரு வாயில் இரண்டு பேர் பேசுகிற மாதிரி இருக்கிறதாம். ஒரே ஒரு பேர், வந்து சொல்லிவிட்டுப் போ என்று போன் செய்தான். எல்லப்பன் கூலி என்ன என்றுகூடக் கேட்காமல் கிளம்பினார்.

பதிவு செய்கிற அறை என்பது, வெளிச்சத்தம் வராமல் இருக்க நாலு பக்கமும் வெங்காய மூட்டை அடுக்கிய ஒரு பொந்து. உள்ளே மைக் மட்டும். ஜெனிட்டாவும் கம்ப்யூட்டரும் கதவுக்கு வெளியே. அவள் கண்ணுக்குத் தெரிவது, குரல் ஏறி இறங்கும் கோடுதான்.

முதல் தடவை சொல்லும்போது நரசிம்மன் கூடவே நின்றான். "பட்டர் ஃப்ரூட்" என்றார் எல்லப்பன், கரகரவென்று. அதற்குள் வாசலில் லாரி வந்து நின்றது. நரசிம்மன் மூட்டையை எண்ண ஓடினான். எல்லப்பன் கதவைச் சாத்தினார். இரண்டாவது தடவையும் ஒழுங்காகச் சொன்னார். தொண்டையைச் செருமி, மைக்குக்கு இன்னும் கிட்டே போய், மூன்றாவதைச் சொன்னார். வெங்காய நாற்றத்தில் கண்ணில் தண்ணீர் வந்தது. துடைத்துக்கொண்டு வெளியே வந்து, முடிஞ்சுதும்மா என்றார். ஜெனிட்டா மூன்றாவதை வெட்டி எடுத்து, ஆறு பெட்டிக்கும் டிக் போட்டாள்.

மறுநாள் காலையிலேயே நெம்மேலியில் ஹெலன் கடைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். அவள் முறைத்தாள். கொஞ்ச நேரம் பொறு என்று மட்டும் சொன்னார்.

வண்டி வந்தது. ஓட்டுகிற வரதன் காதில் போன் வயரை மாட்டிக்கொண்டு யாரிடமோ பேசிக்கொண்டிருந்தான். டப்பாங்குத்து ஓய்ந்தது.

"வாங்கம்மா வாங்க… நான் எல்லப்பன் சொல்றேன். இந்த வண்டி தராசு பொய் தராசு. ஒரு கிலோவுக்கு நூறு கிராம் முழுங்கும். நிறுத்துப் பாத்து வாங்குங்க… கிலோ முந்நூறு ரூபா."

தக்காளி பொறுக்கிக்கொண்டிருந்த கைகளெல்லாம் அப்படியே நின்றன. இன்னொரு பாட்டு ஓடி முடிந்தது. மறுபடியும் அதே குரல், அதே விலை. ஹெலன் எல்லப்பனைப் பார்த்தாள். அப்புறம் தன் படிக்கல்லைத் தூக்கிக்கொண்டு போய் வண்டித் தராசில் வைத்தாள். கிலோக் கல் வைத்த தராசு, கிலோவுக்கு மேலே காட்டியது. அப்புறம்தான் வரதன் காதிலிருந்து வயரைப் பிடுங்கினான்.

அதே நேரத்தில் படூரிலும் அது கூவியது. அபார்ட்மெண்ட் வாட்ச்மேன் கேட்டை இழுத்துப் பூட்டினான். மாடியிலிருந்து யாரோ வீடியோ எடுத்தார்கள். திருவிடந்தையில் சாமிப் பாட்டு முடிந்த கையோடு கூவியது. மதியத்துக்குள் ஆறு வண்டியும் ஏற்றிய சரக்கோடு குடோனுக்குத் திரும்பின. எல்லப்பன் அன்றைக்கு ஹெலனிடம் சங்கரா மீன் வாங்கிக்கொண்டு போய், குழம்பு வைக்கச் சொல்லி, இரண்டு தடவை சோறு போட்டுக்கொண்டார்.

நரசிம்மன் ஆறு பெட்டியிலிருந்தும் அந்தப் பதிவை எடுத்துவிட்டான். தராசையும் மாற்றினானாம். ஆனால் வண்டி போன இடமெல்லாம், பெரியவர் சொன்னாரே என்று கேட்டு ஜனங்கள் கதவைச் சாத்தினார்கள். யார் வந்து இல்லை என்று சொன்னாலும் எடுபடவில்லை. சொன்ன குரலே திருப்பிச் சொன்னால்தான் உண்டு. இதையெல்லாம் வரதன்தான் வந்து சொன்னான். ஜெனிட்டாவை நரசிம்மன் பிடித்துத் திட்டினானாம். மூன்றாவதை மட்டும் எடு, கேட்காதே என்று நீங்கள்தானே சொன்னீர்கள், கோடு நீளமாகத்தான் இருந்தது, பழத்தின் பேர் நீளம் போல என்று நினைத்தேன் என்று அந்தப் பெண் முகத்தைச் சுளிக்காமல் சொன்னாளாம்.

"இப்ப அவள வெட்டி ஒட்டச் சொல்லிகீறான், அண்ணாத்த," என்றான் வரதன். "'நான் எல்லப்பன் சொல்றேன்' கீது. 'இந்த வண்டி தராசு' கீது. 'சரி'ன்ற ஒரு வார்த்தைதான் எங்க தேடியும் இல்லியாம். அது கெடச்சா போதுமாம்."

எல்லப்பன் யோசித்தார். அன்றிலிருந்து போன் வந்தால் எடுப்பதில்லை. தெரியாத ஆள் வழி கேட்டால் கையை மட்டும் நீட்டுவார்.

நரசிம்மனே ஒருநாள் கார் எடுத்துக்கொண்டு வந்துவிட்டான். கையில் ஒரு வாழைத்தார். சட்டைப் பையில் போன், தலை மட்டும் வெளியே தெரிய, எல்லப்பன் வாயைப் பார்த்து நின்றது. எல்லப்பன் நாற்காலியைக் காட்டினார். வேண்டா தண்ணீர் கொண்டுவந்தாள்.

"நடந்தது நடந்துபோச்சு நைனா. தராச மாத்திட்டேன். மறுபடியும் வேலைக்கு வந்துடு, சரியா?"

எல்லப்பன் கொல்லைப் பக்கம் கட்டியிருந்த மாட்டைப் பார்த்தார்.

"பழத்த உள்ள வெச்சுடலாமா, சரியா?"

"சரி, குடுங்க" என்று வேண்டா வாங்கிக்கொண்டாள். நரசிம்மன் முகம் கோணியது. தண்ணீர் நல்லா இருக்கிறது என்றான், உடம்பு எப்படி என்றான், மழை வருமா என்றான். எல்லாவற்றுக்கும் கடைசியில் ஒரு 'சரிதானே'. எல்லப்பன் தலையைக்கூட ஆட்டவில்லை. அப்புறம் அவன் திட்ட ஆரம்பித்தான். நாய் என்றான், சோறு போட்ட கையைக் கடித்தவன் என்றான். எல்லப்பனுக்குத் தொண்டை வரை வந்தது. அவன் பரம்பரையையே இழுத்துவைத்துக் கேட்க ஆயிரம் வார்த்தை வந்தது. ஒவ்வொன்றையும் எச்சில் கூட்டி விழுங்கினார். விழுங்க விழுங்க ருசியாக இருந்தது.

நரசிம்மன் எழுந்து போய்விட்டான். கார் கிளம்பிய சத்தம் கேட்டதும், அப்பாடா, இப்போதாவது பேசு என்றாள் வேண்டா. எல்லப்பன் விரலை உதட்டில் வைத்தார். நாற்காலியைப் பார்த்தார். நரசிம்மன் உட்கார்ந்திருந்த இடத்தில் அவன் தோள் துண்டு விழுந்து கிடந்தது. துண்டை நீக்கினார். அடியில் போன், பேச்சைப் பதிந்தபடி சிவப்பாக மினுக்கிக்கொண்டு.

இரண்டு விரலால் எடுத்தார், செத்த எலியை எடுக்கிற மாதிரி. கொல்லைக்குப் போனார். மாட்டுக்கு வைத்திருந்த கழனித் தண்ணீர்த் தொட்டியில் மெதுவாக இறக்கினார். ஒரு குமிழி வந்தது. இன்னொன்று வந்தது.

கொஞ்ச நேரத்தில் கார் திரும்பி வந்தது. போனை மறந்து வைத்துவிட்டேன் என்று சிரித்துக்கொண்டே நரசிம்மன் உள்ளே வந்தான். பார்த்தியா பெர்சு என்றான்.

எல்லப்பன் வாயைத் திறக்கவில்லை. கையை நீட்டித் தொட்டியைக் காட்டினார். மாடு அதில் மூஞ்சியை விட்டுக் கழனியைக் குடித்துக்கொண்டிருந்தது.