மறுப்புச் சீட்டு

மன்றத்தின் முப்பதாண்டு வரலாற்றை எழுதும் பொறுப்பு ரேவதியிடம் வந்திருந்தது. ஒசூர் வட்டாரத்தின் சிறந்த ஆசிரியைகளைத் தேர்ந்தெடுத்து, உறுப்பினராக்கிக் கௌரவிக்கும் மன்றம் அது. உறுப்பினர் ஒருவர் பெயரைச் சொல்ல வேண்டும். சொன்னது யார் என்று வெளியே தெரியக் கூடாது. மற்றவர்கள் சீட்டெழுதிப் போடுவார்கள். ஒரு சீட்டில் 'வேண்டாம்' என்றிருந்தாலும் பெயர் போய்விடும். அப்படிப் போனது ஒரே ஒரு பெயர்தான், சென்னம்மாள்.

தெலுங்கும் கன்னடமும் பேசிய கூலிக்காரர் பிள்ளைகளைத் தமிழில் எழுத வைத்து, ஒருத்தியையும் பாதியில் நிற்க விடாமல் பத்தாவது வரை கொண்டுவந்தவள் அவள். ரேவதியின் பள்ளிக்கு ஆய்வுக்கு வந்த அதிகாரி, மற்ற ஆசிரியைகள் எல்லோரும் நிற்கும்போதே, "சென்னம்மா டீச்சர் க்ளாஸ்ல ஒரு வாரம் உக்காந்து பாருங்கம்மா" என்று ரேவதியிடம் சொல்லிவிட்டுப் போனார். அடுத்த மாதமே சென்னம்மாளின் பெயருக்கான மன்றச் சீட்டு ரேவதியின் கைக்கு வந்தது. நான்கு எழுத்துதான்.

இருபது வருடங்களுக்குப் பிறகு, ராயக்கோட்டையில் வீட்டைத் தேடிப் போனபோது சென்னம்மாள் காபி கொடுத்தாள்.

"வரலாறா? அதுல என் பேரு என்னாத்துக்குங்க டீச்சர்?" என்று சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. "ஒரு சீட்டால போச்சுன்னு கேள்விப்பட்டேன். யாருன்னும் தெரியும். உங்க மன்றத்துல இருந்தாளே, மோகனப்ரியா, அவதான். ட்ரெயினிங்ல ஒரே ரூம்ல இருந்தோம். அதுக்கப்புறம் என் மூஞ்சியப் பாக்கவே கூச்சப்பட்டா. நானும் பேசறத விட்டுட்டேன். போன ஐப்பசியில செத்துப்போனா. சாவுக்குக்கூட நான் போவல."

இப்போதாவது மன்றத்தில் வாழ்நாள் உறுப்பினராகச் சேர்த்துவிட்டால் சரியாகிவிடும் என்று எண்ணித்தான் ரேவதி வந்திருந்தாள். காபி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"மோகனப்ரியா இல்லைங்க. உங்க பேரச் சொன்னதே அவங்கதான். உங்களுக்கு வாங்கித்தர முடியலையேன்னு கூச்சப்பட்டிருப்பாங்க. வேணாம்னு எழுதினது நான்."

சென்னம்மாள் ஏதாவது திட்டினால் தேவலை போல ரேவதிக்கு இருந்தது. எழுந்து உள்ளே போனவள், வேறு புடவை கட்டிக்கொண்டு வந்தாள்.

"மோகனப்ரியா பொண்ணு பாகலூர்லதான இருக்குது?"

"ஆமாங்க."

பூட்டிவிட்டு நடந்தாள். ரேவதி பின்னாலேயே போனாள். பாகலூருக்கு ஒசூர் போய்த்தான் மாற வேண்டும்; ஒசூர் பஸ்ஸில் கூட்டமில்லை. சென்னம்மாள் சன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்து இருக்கையில் தன் பையை வைத்துக்கொண்டாள். ரேவதி கம்பியைப் பிடித்தபடி நின்றாள்.