நாற்பதுக்குள் ஒரு முகம்

பவுனுக்கு வயது முப்பத்தெட்டு. இதை அவள் வாய்விட்டுச் சொன்னால் மரக்காணத்துக் கடற்கரையில் ஒருத்தரும் நம்ப மாட்டார்கள். பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர், "பாட்டிம்மா, கூடைய ஓரமா வை" என்பான். அவனுக்கே நாற்பதுக்கு மேல் இருக்கும். புருஷனைக் கடல் கொண்டுபோன நாளிலிருந்து மீன்கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு உச்சிவெயிலில் ஊர் ஊராக நடந்தவள். வெயிலும் உப்புக்காற்றும் சேர்ந்து அந்த முகத்தை உழுது போட்டுவிட்டன. அவள் பிறந்த அதே வாரத்தில் அதே தெருவில் பிறந்த சேட்டு, டீக்கடை போட்டு நிழலில் உட்கார்ந்துவிட்டான். அவனை இன்றைக்கும் எல்லாரும் தம்பி என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

இதைப் பற்றியெல்லாம் பவுனு கவலைப்பட்டதில்லை. மீன் விற்கிறவளுக்கு மீன் பளபளப்பாக இருந்தால் போதாதா? ஆனால் இந்த வருஷம் கழுத்து கைவிட்டது. கூடையை ஏற்றினால் வலது கை மரத்துப் போனது. ஒருநாள் நடுத்தெருவில் மீனையெல்லாம் கொட்டிவிட்டாள். இனிமேல் பாரம் தூக்கினால் கை விளங்காமல் போய்விடும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அப்படியென்றால் கூடை யார் தலைக்குப் போகும்? அந்த வீட்டில் மிச்சமிருந்தது மகள் கெங்காவின் தலை மட்டும்தான். அவள் எட்டாவது படித்துக்கொண்டிருந்தாள்.

அந்தச் சமயத்தில்தான் ஊர்ப் பள்ளிக்கூடத்துச் சத்துணவில் ஆயா வேலை காலி என்று சேதி வந்தது. புருஷன் இல்லாதவர்களுக்கு முதலில் கொடுப்பார்களாம். கும்பிட்ட சாமி கண்ணைத் திறந்துவிட்டது என்று பவுனு யூனியன் ஆபீசுக்கு மனுவோடு ஓடினாள். அங்கே இருந்த கிளார்க் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"நாப்பதுக்குள்ள இருக்கணும்மா. உனக்கு அம்பத்தஞ்சு இருக்கும் போலக்கீதே?"

"சத்தியமா முப்பத்தெட்டு சார்."

"பள்ளிக்கூடத்து சர்ட்டிபிகேட் கீதா? இல்லல்ல? அப்ப திண்டிவனம் போயி டாக்டரண்ட வயசு சர்ட்டிபிகேட் வாங்கியா. அடுத்த மாசம் விழுப்புரத்துல இண்டர்வியூ."

பவுனு மனுவை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு வெளியே வந்தாள். டாக்டர் எதைப் பார்த்து வயசு எழுதுவார்? முகத்தைத்தானே பார்ப்பார்! உள்ள வயசைச் சொல்லியும் நம்பவைக்க முடியாத ஒரு முகத்தை அவள் கழுத்துக்கு மேலே சுமந்துகொண்டிருந்தாள்.

பக்கத்து வீட்டு ஜெயம்மாள் கல்யாணப் பெண்களுக்கு நலங்கு மாவு அரைத்துக் கொடுக்கிறவள். அவளிடம் போய் அழுதாள்.

"அழுவாதடி. பச்சப்பயிறு, ஆவாரம்பூ, கஸ்தூரி மஞ்சளு, எல்லாம் அரைச்சுத் தர்றேன். சோத்துக்கத்தாழைல கொழைச்சு தெனம் பூசு. வெயில்ல மட்டும் தலைகாட்டாத."

"மஞ்சளாக்கா? தாலி அறுத்தவ மஞ்சளு பூசினா ஊரு இன்னா பேசும்?"

"கதவ சாத்திக்கினு பூசு. ஊரா வந்து உனக்கு சோறு போடுது?"

கதவைச் சாத்திக்கொண்டுதான் பூசினாள். ஆனால் கஸ்தூரி மஞ்சள் வாசனைக்குக் கதவு ஏது, தாழ்ப்பாள் ஏது? குழாயடியில் பேச்சு கிளம்பிவிட்டது. 'பவுனு யாருக்காக மினுக்கிக்கினு கீறா?' என்று ஒருத்தி காதுபடவே கேட்டாள். பவுனு குடத்தை இடது இடுப்பில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டாள். அவமானத்தைவிடக் கெங்காவின் தலை அவளுக்குப் பெரிது.

மாவு வேலை செய்யாமல் இல்லை. சொரசொரப்பு போனது. கன்னத்தில் கை வைத்தால் அவளுக்கே வேறு யாரையோ தொடுகிறமாதிரி இருந்தது. ஆனால் கண்ணோரத்துச் சுருக்கங்களும் நெற்றிக் கோடுகளும் கன்னத்துக் கறுப்பு மங்கும் போன பாடில்லை. "ஆறு மாசம் பூசணும்டி, பத்து வருச வெயிலு பத்து நாள்ல போவுமா?" என்றாள் ஜெயம்மாள். ஆறு மாசத்துக்கு எங்கே போவாள்? திண்டிவனத்தில் டாக்டர் சர்ட்டிபிகேட் கொடுக்கிற நாளுக்கு ஒரு வாரம்தான் இருந்தது.

அப்போதுதான் அவள் கண் தன் குதிகாலில் பட்டது.

முந்திரிக்கொட்டையைச் சுட்டால் ஓட்டிலிருந்து கறுப்பாக ஓர் எண்ணெய் வழியும். அந்தக் கரையில் எல்லாரும் பித்தவெடிப்புக்கு அதைத்தான் தடவுவார்கள். சுரீர் என்று எரியும், பழைய தோல் உரியும், அடியில் புதுத்தோல் வந்துவிடும். பவுனும் வருஷாவருஷம் தடவுகிறவள்தான். கல்லுமாதிரி இருக்கிற குதிகாலுக்கே புதுத்தோல் வந்தால் கன்னத்துக்கு வராதா? முந்திரி சுடுகிற பெண்களின் கை வெந்து கிடப்பதை அவள் பார்க்காதவள் இல்லை. ஆனாலும் வெள்ளத்தில் போகிறவளுக்கு முள்செடியும் பிடிதான். தேங்காயெண்ணெய் கலந்தால் காரம் குறையும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு கன்னத்திலும் நெற்றியிலும் தடவினாள். ஜெயம்மாளிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவள் கையைப் பிடித்துத் தடுத்திருப்பாள்.

எரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள். எரிந்தால்தான் உரியும், உரிந்தால்தான் புதுசு வரும் என்று வாய்க்குள் முனகிக்கொண்டே இருந்தாள். மறுநாள் முகம் வீங்கிக் கண் இடுங்கிப் போனது. அதற்கு மறுநாள் கன்னமெல்லாம் கொப்புளம் கட்டிக் கறுத்தது. கெங்கா பார்த்துவிட்டு, "அம்மா, இன்னாம்மா பண்ணிக்கினே?" என்று அலறினாள். குறித்த நாள் வந்ததும் பவுனு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு திண்டிவனம் பஸ்ஸில் ஏறினாள். அன்றைக்கு விட்டால் இண்டர்வியூவுக்கு முன்னால் வேறு நாள் இல்லை.

டாக்டர் முந்தானையை விலக்கச் சொன்னார்.

"என்னம்மா இது, மூஞ்சியக் கொதிக்கிற எண்ணெய்ல விட்டியா?"

பவுனு முந்தானையை மறுபடி முகத்துக்கு இழுத்துக்கொண்டாள். அவர் களிம்பு எழுதிக் கொடுத்துத் திட்டினார். பிறகு, "வாயத் தெற" என்றார். டார்ச் அடித்துப் பல்லைப் பார்த்தார். மூத்த பிள்ளைக்கு என்ன வயசு, மாசாமாசம் தலைக்கு ஊற்றுகிறாயா என்று இரண்டு மூன்று கேள்வி கேட்டார். "முப்பத்தெட்டு சரியாத்தான் இருக்கும்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"மூஞ்சியப் பாக்கலியா டாக்டரய்யா?"

"மூஞ்சில என்னம்மா வயசு கெடக்கு? நீங்க எல்லாரும் வெயில்ல வேலை செய்றவங்க."

பஸ் ஸ்டாண்டில் சர்ட்டிபிகேட்டை மடியில் வைத்துக்கொண்டு பவுனு அழுதாள். உப்புக் கண்ணீர் பட்ட இடமெல்லாம் எரிந்தது. போகட்டும், காகிதம் கைக்கு வந்துவிட்டது, முகம் கிடக்கிறது முகம் என்று மனசைத் தேற்றிக்கொண்டாள்.

விழுப்புரத்துக்குப் போனபோது வீக்கம் வடிந்திருந்தது. கொப்புளம் உடைந்த இடங்கள் மட்டும் திட்டுத்திட்டாகச் சிவந்து, சில இடத்தில் நீர் கசிந்தது. மேஜைக்குப் பின்னால் ஓர் அதிகாரி அம்மா உட்கார்ந்திருந்தார். சர்ட்டிபிகேட்டைப் படித்தார்.

"வயசு சரியா இருக்கு." நிமிர்ந்தார். "முகத்துல என்னம்மா?"

பொய் சொல்லத்தான் நினைத்தாள். ஆனால் தொத்து வியாதி என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயத்தில் உண்மை வாயில் வந்தது.

"முந்திரிக்கொட்ட எண்ணெம்மா. நானேதான் பூசிக்கினேன்."

"எதுக்கு?"

"வயசு கம்மியா தெரியட்டும்னு."

வரிசையில் நின்ற பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். அதிகாரி சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடப் பவுனுக்கு ஒரு நம்பிக்கை இருந்திருக்கும்.

"பிள்ளைங்க சாப்பிடற இடம்மா. நீர் வடியிற முகத்தோட உன்ன எப்படி சேர்க்க முடியும்? நாளைக்கு ஒரு குழந்தைக்குச் சொறி வந்தா யாரைக் கேப்பாங்க?"

"ஆறிடும்மா. பதினஞ்சு நாளு குடு தாயி. எம்பொண்ணு படிக்கிறாம்மா."

"இன்னைக்கே முடிச்சாகணும்மா. அடுத்தவங்க வாங்க."

காலில் விழுந்தாள். அவர் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். யாரோ தோளைத் தொட்டு எழுப்பி வெளியே கொண்டுவந்து விட்டார்கள்.

திங்கட்கிழமை காலையில் கெங்கா பள்ளிக்கூடப் பையை ஆணியில் மாட்டினாள். கூடையில் மீன் நிரம்பியிருந்தது. தலைக்குச் சும்மாட்டுத் துணியைச் சுற்றி எடுத்துக்கொண்டு அவள் வாசலுக்கு வந்தபோது பவுனு கூப்பிட்டாள். டப்பாவில் மிச்சமிருந்த நலங்கு மாவைக் கத்தாழையில் குழைத்து, மகளின் நெற்றியிலும் கன்னத்திலும் அழுத்தி அழுத்திப் பூசினாள்.

"மீனு விக்கப் போறவளுக்கு எதுக்கும்மா இது? எல்லாரும் சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். உனக்கும் ஒரு நாளு முப்பத்தெட்டு வயசு ஆவும்டி."

விளங்குகிற இடது கையைக் கூடைக்கு அடியில் கொடுத்து, அதை மகளின் தலையில் ஏற்றிவிட்டாள்.